வரைந்த கையும் வெடித்த பாறையும்



உங்களிடம் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "நீங்கள் பிறந்து வளர்ந்த லயத்தை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டால், உங்களால் முடியுமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எத்தனை கதவுகள்? தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம்? கோயிலுக்குப் போகும் பாதை எங்கே திரும்பியது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். "சார், எங்க பாட்டி இருந்த லயம் இந்தப் பக்கந்தான் இருந்துச்சாம். அது எப்படி சார் இருந்துச்சு?" என்றான். நானும் அதே லயத்தில் பிறந்தவன்தான். உற்சாகமாக வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கூரைக்கு ஒரு கோடு போட்டேன். தூண்களுக்கு நான்கு கோடுகள் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு வரிசைக்குப் பத்துக் கதவா, பன்னிரண்டு கதவா? நினைவில்லை. லயம் இடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அங்கே இப்போது செம்பனை நிற்கிறது.

வெட்கத்தோடு வெண்கட்டியைக் கீழே வைத்தேன். அந்த வெட்கம் சில மாதங்கள் கழித்துச் சிங்கப்பூர் வரைக்கும் என்னோடு வந்தது. அந்தப் பயணத்தில் நான் அறிந்துகொண்ட ஓர் ஓவியரின் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

தேக்காவிலிருந்து நடந்தே...

ஜொகூர் பாருவிலிருந்து 170-ஆம் எண் பேருந்தில் ஏறிப் பாலத்தைத் தாண்டினால், குவீன் ஸ்திரீட்டில் இறங்கலாம். அங்கிருந்து தேக்கா எட்டும் தூரந்தான். பூக்கடையும் மளிகைக் கடையும் வீரமாகாளியம்மன் கோயில் மணியோசையுமாக, சிராங்கூன் சாலையில் கால் வைத்ததும் நம்மவர்களுக்கு ஊருக்கு வந்துவிட்ட உணர்வு உண்டாகும். அங்கே வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் மறுநாள் காலை, "அண்ணே, சாமான் வாங்குறது சாயங்காலம் ஆகட்டும். முதல்ல உங்களுக்கு ஒரு கல்லைக் காட்டுறேன்" என்றான்.

"கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கேட்டபடியே செலிகி சாலை வழியாக அவனோடு நடந்தேன். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனான்.

அங்கே இருந்தது ஓர் உடைந்த கல்துண்டு. மேலே தேய்ந்துபோன எழுத்துகள். உலகத்தில் இதுவரை யாராலும் முழுமையாகப் படிக்க முடியாத எழுத்துகள். இதுதான் 'சிங்கப்பூர்க் கல்' என்று அழைக்கப்படுவது.

ஆற்றுமுகத்தில் நின்ற பாறை

ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் ஆறு கடலில் கலக்கும் முனை கரடுமுரடான பாறைகள் நிறைந்த இடமாக இருந்தது. காட்டை வெட்டி வெளியாக்கியபோது அங்கே ஒரு பெரும் பாறை தென்பட்டது. ஏறத்தாழ 10 அடி உயரம், 10 அடி அகலம். அதில் சுமார் 50 வரிகள் செதுக்கப்பட்டிருந்தன.

அது என்ன எழுத்து என்பதில் அன்றே பெரிய விவாதம். இந்தியர்கள் எங்கள் எழுத்து என்றார்கள். சீனர்கள் எங்களுடையது என்றார்கள். இதை எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவரான அவருக்கு நம் மொழியோடும் உறவு உண்டு. அவருடைய கொள்ளுப்பாட்டனார் அராபியர். ஆனால், குடும்பத்தில் தமிழ் இரத்தமும் கலந்திருந்தது. மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். அந்த நாளில் மலாக்காவின் வசதியுள்ள குடும்பங்கள், வணிகக் கணக்குக்குப் பயன்படும் என்று பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தன. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று இன்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் இந்தப் பாறைக்கு ஒரு கதையும் உண்டு. கலிங்க தேசத்து மன்னர் அனுப்பிய மல்லனோடு சிங்கப்பூரின் பாடாங் என்ற பலசாலி மோதினானாம். பாடாங் அரண்மனை வாசலில் கிடந்த பெருங்கல்லைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்தானாம். அந்தக் கல்தான் இது என்று மக்கள் நம்பினார்கள்.

இத்தனை பெருமை வாய்ந்த பாறைக்கு 1843-ஆம் ஆண்டு சனவரியில் வெடி வைத்தார்கள்! ஆற்றின் வாயை அகலப்படுத்த வேண்டும், கோட்டைப் பகுதிக்கு இடம் வேண்டும் என்பதுதான் காரணம். கேப்டன் ஸ்டீவன்சன் என்ற அதிகாரி உத்தரவிட்டார், பாறை சிதறியது. ஜேம்ஸ் லோ என்ற இன்னோர் அதிகாரி ஆற்றைக் கடந்து ஓடி, எழுத்துள்ள சில துண்டுகளைப் பொறுக்கி, கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். மற்றொரு துண்டைப் பற்றி 1848-ஆம் ஆண்டில் கவர்னர் பட்டர்வொர்த் எழுதிய செய்தி இன்னும் வேதனையானது. அது கருவூலக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கிடந்தது. காவல் சிப்பாய்களும், காரியமாக வந்து காத்திருந்தவர்களும் அதன்மீது உட்கார்ந்து கொண்டிருந்தார்கள்!

கல்கத்தாவுக்குப் போன துண்டுகளில் ஒன்று 1918-ஆம் ஆண்டு வாக்கில் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தது. அதைத்தான் நான் பார்த்தேன். அதன் காலம் பத்தாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று அறிஞர்கள் பலவாறு கணிக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டில் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் ஒரு சொல்லின் பகுதியை 'கேசரிவ' என்று படித்தார். அது சோழ மன்னர்களின் பட்டப்பெயரான 'பரகேசரிவர்மன்' என்பதன் பகுதியாக இருக்கலாம் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். இது முடிந்த முடிவன்று; கருத்துதான். ஆனால், அதைச் சரிபார்க்க நமக்கு மற்ற வரிகள் எங்கே? சாலைக்குச் சல்லியாகவும் கடலுக்குள் கல்லாகவும் போய்விட்டனவே!

படம் போட்ட சர்வேயர்

"அந்தக் காலத்துச் சிங்கப்பூர் எப்படித்தான் இருந்தது? யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா?" என்று தம்பியிடம் கேட்டேன். புகைப்படக் கருவி இந்தப் பக்கத்தில் பரவாத காலம் அது. "எடுத்து வைக்கல அண்ணே, ஒருத்தர் வரைஞ்சு வச்சிருக்கார்" என்றான்.

அவர் பெயர் ஜான் டர்ன்புல் தாம்சன். சிங்கப்பூரில் தாம்சன் சாலை என்று இன்றும் இருக்கிறதே, அது அவர் பெயரால் அமைந்ததுதான்.

1821-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வட எல்லையில், நார்தம்பர்லாந்து கடற்கரையை ஒட்டிய குளோரோரம் என்ற இடத்தில் பிறந்தவர். அந்தக் கரை நம் கற்பனைக்கு எட்டாத கரடுமுரடான கரை. குளிர்காற்று, கறுத்த பாறைகள், பாறை உச்சியில் பாம்பரோ என்ற பழங்கோட்டை, எதிரே கடலில் கப்பல்களை உடைக்கும் சிறு தீவுகள், அவற்றில் ஒன்றில் 1826-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம். இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒன்பது வயதிலேயே தந்தையை ஒரு விபத்தில் இழந்தவர்.

1838-இல், பதினாறு பதினேழு வயதில், அவர் பினாங்கு வந்து சேர்ந்தார். என்ன வேலைக்கு என்று நினைக்கிறீர்கள்? தோட்டங்களை அளக்கும் வேலைக்கு! பினாங்கில் வெள்ளைக்கார முதலாளிகளுக்குச் சொந்தமான பெரும் தோட்டங்களின் எல்லைகளைச் சங்கிலி பிடித்து அளந்து வரைபடம் போடுவதுதான் அவருடைய முதல் உத்தியோகம். நம் பாட்டன்மார் பால்வாளி தூக்குவதற்கு வெகுகாலம் முன்பே, 'இது இன்னார் தோட்டம்' என்று கோடு போட்ட கைகளில் அதுவும் ஒன்று.

1841-இல் அவர் சிங்கப்பூரின் அரசாங்க சர்வேயர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் சாலை போட்டார், பாலம் கட்டினார், மருத்துவமனை கட்டினார், நகரத்தை அளந்தார். முன்ஷி அப்துல்லாவிடம் மலாய் கற்றார். பிற்காலத்தில், 1874-இல், அப்துல்லாவின் வாழ்க்கை வரலாற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவரே.

அளக்கப் போன இடத்திலெல்லாம் நீர்வண்ணப் பெட்டியையும் எடுத்துச் சென்றார் தாம்சன். கடற்கரை, கோயில், தெரு, மனிதர்கள் எல்லாவற்றையும் வரைந்தார். பாடாங் திடலை அவர் 1851-இல் தீட்டிய ஓவியம் பெயர்பெற்றது. மாலை நேரத்தில் குதிரைவண்டியில் வரும் வெள்ளைக்காரர்களோடு சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஊரே அங்கே கூடியிருக்கிறது. அவரவர் உடை, தலைப்பாகை, நிற்கும் விதம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அன்று அந்தத் திடலுக்கு எதிரே கடல். இன்று அங்கே போய் நின்றால் கடலைத் தேடத்தான் வேண்டும். மண் கொட்டி நிலமாக்கியதால், 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-க்கும் மேலாக வளர்ந்துவிட்டது. 'கடற்கரைச் சாலை' என்ற பெயர் மட்டும் கடலை விட்டு வெகுதூரத்தில் நிற்கிறது.

ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேஸ் அருகே இன்றும் நிற்கும் டல்ஹௌசி தூணும் தாம்சனின் வேலைப்பாடுதான். 1850-ஆம் ஆண்டு இந்தியக் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. அதன் அடிப்பகுதியைச் சுற்றி வந்து பாருங்கள். ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்து ஆகியவற்றோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது! 1850-ஆம் ஆண்டுகளிலேயே இந்த ஊரின் பொதுச் சின்னம் ஒன்றில் தமிழுக்கு இடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. நான் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கடலுக்கு நடுவே வெள்ளைப் பாறை

தாம்சனின் பெரிய சாதனை கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் திட்டு உள்ளது. போர்த்துகீசிய மொழியில் அதற்கு 'வெள்ளைப் பாறை' என்று பொருள். மலாய்க்காரர்கள் 'பாத்து பூத்தே' என்பார்கள். கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர். சீனாவுக்குப் போகும் கப்பல்கள் இரவில் அதில் மோதி உடைந்தன. அங்கே ஒரு விளக்குக் கோபுரம் கட்டும் பொறுப்பு தாம்சனிடம் வந்தது.

உயர்ந்த அலையில் பாதி முழுகும் பாறை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே நிற்கவும் முடியாது. தாம்சன் முதலில் பாறைமீது சில செங்கல் தூண்களைக் கட்டிவிட்டு வந்தார். பருவக்காற்று முடிந்து போய்ப் பார்த்தபோது, அலை அடிக்கும் பக்கத்துத் தூண்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அலையின் பலம் எவ்வளவு என்பதை அதைக் கொண்டே தெரிந்துகொண்டார். பெரிய காரியத்தில் இறங்குமுன் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு நல்லது, பார்த்தீர்களா!

1850-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. புலாவ் ஊபினில் வெட்டிய கருங்கற்கள் படகில் வந்தன. பல இனத்துத் தொழிலாளர்கள் அந்தப் பாறையிலேயே தங்கி வேலை செய்தார்கள். 1851 அக்டோபர் 15-ஆம் நாள் விளக்கு எரியத் தொடங்கியது. 'ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்' என்று பெயர். இன்றும் அது நிற்கிறது. ஆனால், அந்த வெயிலிலும் உப்புக்காற்றிலும் தாம்சனின் உடல்நலம் கெட்டது. 1853-இல் அவர் சிங்கப்பூரை விட்டுப் போனதற்கு அதுவே காரணம்.

கட்டி முடித்ததோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பாறையையும் கோபுரத்தையும் படமாகத் தீட்டினார். எப்படிக் கட்டினோம் என்று விரிவாக எழுதியும் வைத்தார். அந்த எழுத்து வீண் போகவில்லை. பெட்ரா பிராங்கா யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவும் சிங்கப்பூரும் அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தாம்சன் எழுதிய குறிப்பும் அங்கே எடுத்து ஆராயப்பட்டது. 2008 மே 23-ஆம் நாள் வந்த தீர்ப்பில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள 'மிடல் ராக்ஸ்' பாறைகள் மலேசியாவுக்கும் என்று ஆயின. தீர்ப்பைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி. ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிவைத்த குறிப்பை 150 ஆண்டுகள் கழித்து நீதிபதிகள் புரட்டுகிறார்கள் என்றால், எழுதி வைப்பதன் வலிமையை எண்ணிப் பாருங்கள்.

அதே கைதான்!

இதுவரை கேட்டபோது தாம்சனை நான் மனத்துக்குள் உயர்ந்த பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டேன். மறுநாள் தம்பி என்னை லாப்ரடோர் பூங்காவுக்கு அழைத்துப் போனான். கடலோரத்தில் உயரமான ஒரு கல் நிற்கிறது. "இது நிஜம் இல்லண்ணே, நினைவுக்காக 2005-ல வச்சது" என்றான்.

உண்மையான பாறை அந்தத் துறைமுக வாயிலில் பல நூறு ஆண்டுகள் நின்றது. பதினான்காம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 'நாகப்பல் வாயில்' என்று ஓர் இடத்தைக் குறிப்பிடுகிறார். அது இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மலாய்க்காரர்கள் 'பாத்து பெர்லாயார்', அதாவது பாய்மரக் கல் என்றார்கள். மாலுமிகளுக்கு அது வழிகாட்டி. 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டில், புதிய துறைமுகத்துக்கு வாயிலை அகலப்படுத்துவதற்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

தகர்த்தவர் யார் தெரியுமா? அரசாங்க சர்வேயர் தாம்சன்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரின் கரையையும் பாறையையும் அன்போடு வரைந்த அதே கையா வெடிக்குத் திரி போட உத்தரவிட்டது? கப்பல் மோதாமல் இருக்க ஒரு பாறையில் விளக்கு ஏற்றியவர், கப்பல் போக இடைஞ்சல் என்று இன்னொரு பாறையைத் தூளாக்கினார்.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், எங்கள் லயத்தை இடித்தபோது என்ன நடந்தது என்பது நினைவுக்கு வந்தது. இயந்திரம் வந்தது உண்மைதான். ஆனால், ஓட்டைப் பிரித்துக் கீழே இறக்கியவர்கள் எங்கள் ஆட்கள்தான். சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்தார்கள். புது வீட்டுக்குப் போகிற மகிழ்ச்சியில் நானும் இரண்டு பலகைகளைச் சுமந்தேன். ஒழுகும் கூரையும் பொதுக் கழிப்பறையும் போனதற்காக யாரும் அழவில்லை, அழவும் வேண்டியதில்லை. ஒரு படமாவது வரைந்து வைத்திருக்கலாம். அதைத்தான் நாங்கள் செய்யவில்லை. தாம்சன் உடைத்தார், ஆனால் வரைந்தும் வைத்தார். நாங்கள் உடைத்தோம், வரையவில்லை.

அவருடைய கடைசிக்காலமும் பயணத்திலேயே கழிந்தது. 1856-இல் நியூசிலாந்துக்குச் சென்று, அங்கும் மலையும் கடலுமாக அலைந்து அளந்தார், வரைந்தார். அந்நாட்டின் முதல் சர்வேயர் ஜெனரலாக 1876 முதல் 1879 வரை இருந்தார். 1884-இல் அங்கேயே காலமானார். அவர் வரைந்த சிங்கப்பூர்ப் படங்களில் பல இன்று நியூசிலாந்தின் டனீடன் நகரில், ஹொக்கன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய சிங்கப்பூரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தத் தொலைதூர ஊரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துப் பழமை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, வாத்தியாரே" என்று சொல்லாதீர்கள். சிங்கப்பூர்க் கல்லின் துண்டுகளைப் பொறுக்கிய ஜேம்ஸ் லோவின் பெயரைச் சொன்னேன் அல்லவா? கெடாவில் குனுங் ஜெராய் மலையடியில், கடலிலிருந்து மெர்போக் ஆற்றின் வழியே உள்ளே வரும் பூஜாங் பள்ளத்தாக்கில், பழங்கோயில்களின் இடிபாடுகள் கிடப்பதை 1840-களில் உலகுக்குத் தெரிவித்தவரும் அவர்தான். நம் பாடப்புத்தகத்தில் 'கடாரம்' என்று படிக்கிறோமே, இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டு வாக்கில் சென்ற கடாரம், அந்தப் பகுதி. அங்கே சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வு செம்பனைத் தோட்டத்துக்குள்தான் நடந்தது. நாம் குலை வெட்டும் மண்ணுக்குக் கீழேதான் வரலாறு கிடக்கிறது!

அந்தப் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் கொண்ட ஒரு பழங்கோயிலின் அடித்தளம், வீடமைப்பு வேலைக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. 1843-இல் நடந்தது 2013-இலும் நடக்கிறது. காரணமும் ஏறத்தாழ அதேதான்: இடம் வேண்டும்.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஃபோர்ட் கேனிங் குன்றில் செங்கல் அடித்தளங்களையும் பழைய சீனக் காசுகளையும் 1822-இல் கிராஃபர்ட் என்பவர் பார்த்து எழுதினார். 1859-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது குன்றின் உச்சி சமப்படுத்தப்பட்டது. 1928-இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் கையில் பழங்காலப் பொன் நகைகள் அகப்பட்டன. முறையான அகழாய்வு தொடங்கியது 1984-இல்தான். மண்வெட்டி பிடித்தவன் கண்ணில்தான் பழமை முதலில் படுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மண்வெட்டி பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஊர் திரும்பியதும் நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த மாணவனையும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, லயம் இருந்த இடத்துக்குப் போனேன். தாம்சனின் கையில் இருந்த அளவைச் சங்கிலி 66 அடி நீளம். அகலத்திலும் நீளத்திலும் சங்கிலி கணக்கில் அளந்து, பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். எங்களிடம் சங்கிலி இல்லை. துணி உலர்த்தும் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டோம். செம்பனைக்கு நடுவே பழைய சிமெண்டுத் தளம் ஒரு மூலையில் மிச்சம் இருந்தது. அதிலிருந்து அளந்தோம். மிஞ்சியிருந்த தூண் அடிகளை எண்ணினோம்.

பிறகு, எங்கள் தோட்டத்திலேயே மூத்தவரான ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். பால்வெட்டி நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். பிள்ளைகள் படத்தை விரித்தார்கள். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"குழாயை இங்கயா போட்ட? இந்தப் பக்கம் இல்லடா தம்பி, அந்தப் பக்கம். விடியக்காலம் நாலு மணிக்கு வாளிய வரிசையில வச்சிட்டுத்தான் பெரட்டுக்குப் போவோம். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பிள்ளைகள் அழித்து மறுபடி வரைந்தார்கள். பாட்டி ஒவ்வொரு கதவாக விரல் வைத்து, இந்த வீட்டில் யார், அந்த வீட்டில் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டே வந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு கதவுகள். ஏழாவது கதவில் விரல் சற்று நேரம் நின்றது. "இதுதான் என்னது" என்றார். "வாத்தியாரையா, நீங்க பொறந்தது ஒன்பதாவது. மழை ராத்திரி. வெளக்குப் புடிச்சது நான்தான்" என்றார்.

எனக்கே தெரியாத செய்தி அது!

அந்தப் படம் இப்போது எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மாட்டப்பட்டிருக்கிறது. ஓவியமாகப் பார்த்தால் கோடுகள் கோணல்தான். ஆனால், பெற்றோர் யார் வந்தாலும் அதன் முன் ஐந்து நிமிடம் நிற்காமல் போவதில்லை. பாட்டி அதற்கு அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். ஓராண்டு தள்ளிப் போட்டிருந்தால், எங்கள் குழாய் தவறான பக்கத்திலேயே இருந்திருக்கும்.

ஆகவே வாசகர்களே, இந்த இதழை மடித்து வைக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். லயமோ, கோயிலோ, பால் நிறுக்கும் கொட்டகையோ, ஆற்றங்கரையோ எதுவாக இருந்தாலும் சரி, வரையட்டும். எந்த ஆண்டு, யார் சொன்னது என்று அடியில் எழுதிப் பெயரும் போட்டு வையுங்கள். தோட்டத்தில் வடக் கயிறு போல் வேர் பின்னிய மண்ணைத் தோண்டும்போது செதுக்கிய கல்லோ பழங்காசோ கண்ணில் பட்டால், அதை எடுக்காமலும் அழிக்காமலும் அரும்பொருளகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகும்போது தேக்காவில் சேலை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பிள்ளைகளை அந்தக் கல்துண்டின் முன்னாலும், டல்ஹௌசி தூணில் உள்ள தமிழ் எழுத்தின் முன்னாலும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். போகுமுன், அரும்பொருளகம் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளை கேட்டால், "யாருக்கும் தெரியாது" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஏன் தெரியாமல் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.